மீன்பெட்டித் தோட்டம்

தண்ணீர் பட்டதும் அந்தப் பெட்டியிலிருந்து மீன் வாசம் எழும்புகிறது.

மீனை ஐஸில் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி. வெயில் தின்று மஞ்சளாகி, ஓரங்கள் பழைய பாண் போல உதிரத் தொடங்கிவிட்டன. என் மூத்தவள், ராத்தா, அதன் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, கிணற்றடிச் சீமெந்துச் சரிவு முடியும் இடத்தில் பாதி புதைத்து வைத்திருக்கிறாள். உள்ளே மண். மண்ணில் மிளகாய்ச் செடிகள். தொழுகைக்கு வுழு எடுக்க அங்கிருக்கும் கல்லில் உட்கார்ந்து கையும் முகமும் காலும் கழுவினால், தண்ணீர் சரிவில் ஓடி நேரே பெட்டிக்குள் போகும். அப்போதுதான் அந்த வாசம். சூரை, பாரை, ஐஸ், நனைந்த சாக்கு. ராத்தாவின் புருசன், என் மச்சான், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருகிற வாசம்.

"இத்தின வருசம் மண் கெடந்த பெட்டியில மீன் எப்படி உம்மா மணக்கும்?" என்கிறாள் என் மகள். மணக்கிறது என்று அவளோடு வாதாட எனக்குச் சீவன் இல்லை. அவள் பிள்ளை பெற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். பிள்ளை இரவைப் பகலென்று நினைத்துக்கொண்டிருக்கிறது. விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொன்னதும் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மதிலில் உள்ள இடைவெளியால் ராத்தாவின் வளவுக்குள் வந்து இந்தக் கல்லில் உட்காருகிறேன். என் வீட்டில் பைப் இருக்கிறது. நின்ற நிலையிலேயே வுழுவை முடித்துவிடலாம். ஆனாலும் இங்கே வருகிறேன். முழங்கால் நோகிறது. குனிந்து எழும்புவதே ஒரு வேலையாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பா வளவை இரண்டாகப் பிரித்து, கடற்பக்கத்தை மூத்தவளுக்கும் வீதிப்பக்கத்தை எனக்கும் எழுதினார். மாப்பிள்ளைமார் வந்து சேர்ந்தார்கள். நடுவில் மதில் கட்டியபோது, "இதில ஒரு வழி உடவா?" என்று மேசன் கேட்க, ராத்தாவும் நானும் ஒரே நேரத்தில் ஓம் என்றோம். கதவில்லாத அந்த இடைவெளியால் கறிக்கோப்பைகள் போயின, காய்ச்சல் குளிசைகள் வந்தன, கோபங்களும் போய்வந்தன. மற்றப்படி மதில் உறுதியாகத்தான் நின்றது.

பெண்ணுக்கு வீடு என்ற இந்த வழக்கத்தில் ஒரு பொத்தல் உண்டு. ஆண்பிள்ளை மட்டும் பெற்றவள் கடைசியில் அந்த வீட்டில் தனியே நிற்பாள். ராத்தாவுக்கு ஒரே மகன். அவன் அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்து, மனைவி வீட்டுக்குப் போய்விட்டான். "ஊரெல்லாம் மருமகன எடுக்குது, நான் மகனக் குடுத்திட்டு இரிக்கன்," என்று ராத்தா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அது முடியும்போது வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

மச்சானுக்கு மீன் வியாபாரம். விடியற்காலையில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு நாவிதன்வெளிப் பக்கம் வயல் ஊர்களுக்குப் போவார். ஊருக்குள் நுழைந்ததும் ஹோர்னை அழுத்திக்கொண்டே போவாராம். திரும்பி வரும்போது பெட்டியில் மரக்கறி இருக்கும். கத்தரி, பாகற்காய், பூசணி, பழுத்த மிளகாய். காசுக்குப் பதிலாகச் சிலர் கொடுத்தது, சும்மா சிலர் கொடுத்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் கத்தரிக்காயில் மீன் மணத்தது. ஒருநாள் கல்முனைச் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயைச் சமைத்தபோது, "இதென்ன உம்மா, ஒரு ருசியுமில்ல," என்றாள் என் மகள்.

நான் ஓரிடத்தில் இருக்கப் பொறுக்காதவள். பஸ் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளங்கால் அரிக்கும். ராத்தா அப்படியில்லை. கடல் இரைவது கேட்கிற வீட்டில் பிறந்தவள், கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அப்பால் ஊர் உண்டென்று அவள் நம்பினாள், அவ்வளவுதான். போய்ப் பார்க்க வேண்டுமென்று நினைத்ததில்லை.

நோய்க் காலத்தில் மச்சான் போனார். ஊசி எங்கள் பக்கம் வந்து சேருவதற்கு முந்தி. காய்ச்சல் என்று படுத்தார், பிறகு மூச்சு முட்டுகிறது என்றார். அம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. தலையிலிருந்து கால்வரை மூடிய இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரைக் கூட்டிப்போனார்கள். நான் மதில் இடைவெளியில் நின்று பார்த்தேன். ஏறுவதற்கு முன் அவர் திரும்பி, "பெட்டிய வெயில்ல வைக்காத, வெடிச்சிரும்," என்றார். ராத்தா ஓம் என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கதைக்கவில்லை.

ஊர் மையவாடியில் அடக்க முடியாத காலம் அது. அந்த நோயில் மௌத்தானவர்களை எல்லாம் ஓட்டமாவடிப் பக்கம் ஓரிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மகன் மட்டும் கூடப் போய்த் தூரத்தில் நின்று துஆக் கேட்டுவிட்டு வந்தான். வந்தவனிடம் ராத்தா அழவில்லை.

"ரோட்டுக்குக் கிட்டவா, தூரமா?" என்று கேட்டாள்.

"தூரம் உம்மா. உள்ளுக்குப் போகோணும்."

"எந்தப் பக்கம்?"

"இஞ்சரிந்து போகக்குள்ள இடது பக்கம்."

தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனாள். இத்தா தொடங்கியது.

புருசன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருப்பது இத்தா. நல்ல உடுப்பில்லை, நகையில்லை, அந்நிய ஆண் முகத்தில் விழிப்பதில்லை. மற்றக் காலமென்றால் பெண்கள் வந்து சுற்றி இருப்பார்கள், பாயில் உட்கார்ந்து ஓதுவார்கள், தேத்தண்ணிக் கோப்பைகள் சத்தமிடும். நோய்க் காலத்தில் யாரும் வரவில்லை. ராத்தாவைச் சோதித்துப் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் சனம் அந்த வாசல் கடப்பைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாக நடந்தது. நான்தான் மதிலால் போய்வந்தேன். சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். கதைக்க ஒன்றும் இருக்காது. ஊரடங்கி, ரோடு அடங்கி, என் உள்ளங்காலும் அடங்கிக் கிடந்தது. அந்த நாட்களை நினைத்தால் துக்கத்துக்கு முதல் அலுப்புத்தான் வருகிறது. முகக்கவசம் கழுவிக் காயப்போடும் அலுப்பு. யாரோ ஒருவரின் மௌத்துச் செய்தியோடு தொடங்குகிற காலையின் அலுப்பு.

பிறகு ஊசி வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தலும் ஊசி அறிவித்தலும் ஒரே ஆளின் குரலில் வரும். முதல் வசனம் முடியும்வரை எது என்று தெரியாது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்போம். ஊசி என்று தெரிந்ததும் கரண்டி அசையும்.

பாடசாலையில் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் பெரிய மனிசர்கள் வரிசையாக முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"இந்த ஊசி போட்டா ரெண்டு வருசத்தில மௌத்தாம்கா."

"ரெண்டு வருசமா? இப்ப இரிக்கிற நெலமக்கி அது பெரிய லாபம்."

அலுத்துப்போயிருந்த அந்த வரிசை கொஞ்சம் குலுங்கியது. கையில் ஊசி ஏறியபோது எறும்பு கடித்த அளவுக்கும் இல்லை. ஆனால் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்றபோது, நாளைக்கு மறுநாள் என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு வந்தது. வெகுகாலமாக வராத நினைப்பு.

நேரே ராத்தாவிடம் போனேன். அவளுக்குச் சீனி வருத்தம், மழை இருண்டால் இழுப்பு. அந்த நோய் அவளைப் பிடித்தால் விடாது. எங்கள் தெருவில் பின்னும் இரண்டு வீட்டில் காய்ச்சல் என்று கதை வந்திருந்தது.

"நான் இத்தாவில இரிக்கன்," என்றாள்.

பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், அதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்றார். அதையும் வந்து சொன்னேன்.

"மௌலவி சொல்றது சரிதான். எனக்கு என்னத்துக்கு ஊசி? மனிசன் ஊசி வாறதுக்கு முந்திப் போயிட்டார். அவருக்குக் கெடைக்காத ஒண்ட நான் போட்டுக்கிட்டு ஆருக்காக இரிக்கிற?"

"எனக்காக இரி."

"ஒனக்குப் புள்ள இரிக்கி, புருசன் இரிக்கி."

இத்தா அவளுக்கு ஒரு கதவாக இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பயந்தது அந்த நோய்க்கு மட்டுமல்ல.

அந்தக் கிழமைதான் பெட்டியை முதன்முதலாக வெளியே கண்டேன். மச்சான் சொன்னபடி அறைக்குள் நிழலில் வைத்திருந்தாள். அவர் கடைசியாக நாவிதன்வெளியிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பழங்கள் குசினி மூலையில் சுருங்கிக் கிடந்தன. எறிய மனமில்லாமல் கசக்கி விதை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு எங்கே போடுவது? பெட்டியில் மண்ணை நிரப்பித் தூவிவிட்டு, கதிரையில் அமர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, மார்க்கத்தில ஒரு மசலா கேக்கன். அவர் பெட்டிய வெயில்ல வைக்காத எண்டார். மொளகாய்க்கு வெயில் வேணுமே. என்ன செய்ற?"

"மௌலவிட்டக் கேக்கவா?"

"போடி."

அன்று பின்னேரம் இருவரும் சேர்ந்து பெட்டியைக் கிணற்றடிக்கு இழுத்தோம். கச்சான் காற்று வீசிக் கிணறு அடிமட்டத்தில் கிடந்த நாட்கள். தனியாகத் தண்ணீர் ஊற்ற மனம் வராது. ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் வுழு எடுக்கிற தண்ணீர் போகும் என்று அவள்தான் சொன்னாள். சவர்க்காரம் இல்லாத தண்ணீர், ஐந்து நேரமும் தவறாமல் வருகிற தண்ணீர். "சும்மா மணலுக்குள்ள போறதுதானே," என்றாள். தோட்டம் என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்த விதை முளைக்காமல் போய்விடும் போல இருந்தது.

கப்பல் கதை அதற்குப் பிறகு வந்தது. ஒரு மத்தியானம், என்ன கதைப்பதென்று தெரியாமல், போனில் ஒரு உல்லாசக் கப்பலைக் காட்டினேன். பத்துத் தட்டு. பல்லிளிக்கிற வெளிச்சம்.

"ராத்தா, இந்தக் கரச்சல் எல்லாம் முடிய நாம இதுல போவம்."

"இது என்னகா, மேல நீலமா?"

"நீச்சல் குளம்."

"கடலுக்கு நடுவில இரிந்துக்கிட்டுக் குளிக்கக் குளம் வேணுமா? விசர்ச் சனம்."

"சாப்பாடு, நித்திர எல்லாம் உள்ளுக்கதான். வெளிய எங்கயும் போகத் தேவயில்ல."

"அப்ப நானும் இப்ப கப்பல்லதான் இரிக்கன். வெளிய போறல்ல, சாப்பாடு வருது."

சிரித்தாளா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நாகூருக்குப் போகுமா இது?"

எங்கள் கடற்கரைப் பள்ளியில் வருடாவருடம் கொடியேற்றும்போது, கடலுக்கு அங்கால் நாகூர் என்று உம்மா கையை நீட்டிக் காட்டுவா. நாங்கள் சின்னவர்கள். நீட்டிய விரலின் நுனியில் வெறும் தண்ணீர்தான் தெரியும். ராத்தா அதை நினைத்து வைத்திருப்பாள் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

"போகும்," என்றேன். போகுமா என்று எனக்குத் தெரியாது. "ஆனா ஊசிக் கார்ட் இல்லாம எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்களாம்."

போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "ஊசி போடுறதுக்குத்தானே இந்தக் கப்பல்?"

"ஓம்."

"நெனச்சன்," என்று போனைத் தந்துவிட்டாள்.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு, ராத்தாவின் விசயத்தையும் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தார். ராத்தாவிடம் கேட்கவில்லை. வருகிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்று எல்லாரும் நினைத்தோம். அதனால் காலையிலேயே அறை வாசலில் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டேன். திரைக்குப் பின்னால் ராத்தா கட்டிலில் இருந்தாள். நான் வாசலில் நின்றேன். வந்தது ஒரே ஒரு ஆள். நீல அங்கி, தொப்பி, முகத்தில் இரண்டு கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தாள். தொண்டை கட்டிய குரல்.

"ஆரு போடப் போறது?"

"உள்ளுக்க இரிக்காங்க. இத்தாவில இரிக்கிற ஆள். திரையால கைய நீட்டுவாங்க."

"நீட்ட மாட்டன்," என்றது திரை.

வந்தவர் குளிர்ப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியிலிருந்து வழிந்த வேர்வையோடு சுவரில் சாய்ந்தார். அப்படியே பார்வை யன்னலால் வெளியே போனது. முற்றத்தில் மச்சானின் மோட்டார் சைக்கிள் சாக்கு மூடி நின்றது. ஹோர்ன் மட்டும் வெளியே தெரிந்தது.

"இது மீன்கார நானாட வீடா?"

நான் ஓம் என்றேன்.

"எனக்கு நாவிதன்வெளி. சின்ன வயசிலரிந்து அவர்ட்டத்தான் வாங்குற. அவர் வரல்ல எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா. அவர் போனது எனக்குத் தெரியும், அம்மாட்ட இன்னும் சொல்லல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, வந்தவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, நான் பொம்புளதான். திரைய எடுங்க, பயமில்ல."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. தொண்டை கட்டியிருந்ததே தவிர, அது இளம் பெண்ணின் குரல்.

அந்தப் பெண் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"நல்ல மனிசன் அக்கா. தராசில நிறுத்து முடிச்சிட்டு எப்பவும் மேல ஒரு மீன் போடுவார்."

திரைக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"ஓ. அந்த ஒரு மீன்தான் இஞ்ச ஒவ்வொரு நாளும் கொறையிற. ஆருக்குப் போச்சி எண்டு இப்பதான் தெரியுது."

அந்தப் பெண் சிரித்தாள். கண்ணாடித் தாளில் மூச்சுப் பனி படர்ந்தது. திரையும் அசைந்தது. உள்ளே ராத்தா சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் போன பிறகு முதல் சிரிப்பு. அது அழுகைக்கு மாறி, திரும்பவும் சிரிப்புக்கு வந்து, ஒரு இடத்தில் நின்றது. திரையின் ஓரத்தால் ஒரு கை வெளியே வந்தது. வளையல் கழற்றிய கை. மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"திரைய எடுக்கவா அக்கா?"

"வேணாம், இரிக்கட்டும். ஊசியப் பாத்தா எனக்குத் தல சுத்தும்."

போட்டு முடித்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கார்டை என்னிடம் தந்தாள். போகும்போது கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்து, "பெட்டியில மொளைக்குது," என்றாள். ராத்தாவும் நானும் அன்றுவரை மண்ணைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கவில்லை. பார்த்தோம். மண்ணைத் தூக்கிக்கொண்டு, முதுகு வளைந்து, பச்சை நூல்கள்.

இரண்டாவது ஊசிக்கும் அவளே வந்தாள். திரை கட்டினோம், பழக்கத்துக்கு. கையை நீட்டச் சொல்லவில்லை, ராத்தாவே நீட்டிவிட்டாள். போகும்போது நாற்றுச் சிலவற்றை வாழைச் சருகில் மண்ணோடு சுற்றி அவளுக்குக் கொடுத்தாள். "அவர் அங்கரிந்து கொண்டு வந்தது. திரும்பப் போகட்டும்," என்றாள். "அம்மாட்ட இப்ப சொல்லு."

இத்தா முடிந்தது. குளித்து, வேறு உடுப்பு உடுத்து, வாசல்வரை வந்து ரோட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். ஊசி போட்டதும் மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். இரவில் இழுப்பு வந்தது. வேறு மீன்காரரின் ஹோர்ன் எங்கே கேட்டாலும் அவள் கை நின்றது. மாரி வந்து வளவெல்லாம் வெள்ளம் நின்றபோது, பெட்டியோடு செடி மிதந்துவிடும் என்று கல்லைத் தூக்கி வைத்தாள். தைக்குப் பிறகு மழை ஓய்ந்தது. கச்சான் தொடங்குவதற்கு முன் எங்களுக்குச் சில கிழமைகள் கிடைக்கும். மண் ஈரமாக, வெயில் மெதுவாக, காற்று யாரையும் அடிக்காமல் இருக்கிற கிழமைகள். வசந்தம் என்று புத்தகத்தில் எழுதுவது இதைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கிழமைகளில் பெட்டியிலிருந்த மிளகாய் வெள்ளைப் பூ வைத்தது. அதைத் தாண்டி, அவள் எப்போது நட்டாளோ தெரியாது, பூசணிக்கொடி மதிலில் ஏறி, எங்கள் இடைவெளியை மூடப் பார்த்தது. நான் கறிக்கோப்பையோடு குனிந்து குனிந்து போய்வந்தேன். அவள் வெட்டவிடவில்லை. "குனிஞ்சு வா. ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

அந்த வருடம் நாட்டில் டொலர் தீர்ந்து, எல்லாருமே கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டீசல் கப்பல் வருகிறது என்றார்கள், கேஸ் கப்பல் வந்து நிற்கிறது, இறக்கக் காசில்லை என்றார்கள். சிலிண்டர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு ரோட்டோரம் வரிசையாக நின்றன. நான் விறகுப் புகையில் கண் எரிய நின்றேன். நோயிலிருந்து தப்பிய அலுப்பு இன்னும் இறங்கவில்லை, அதற்குள் அடுத்தது ஏறிக்கொண்டது. ராத்தா தன் மிளகாயைக் காயவைத்து இரண்டு வீட்டுக்கும் தூளாக்கினாள்.

"எண்ட கப்பலும் அந்த வரிசையிலதான் நிக்கிது போல," என்றாள் ஒருநாள்.

"எந்தக் கப்பல்?"

"நீதானே சொன்ன. நாகூருக்கு."

நான் மறந்தே போயிருந்தேன். ஒரு மத்தியானத்தைக் கடத்துவதற்காகச் சொன்னது. ஊசிக்காகச் சொன்னது என்று தெரிந்துகொண்டேதான் அவள் கேட்டாள். தெரிந்துகொண்டே வைத்திருந்தாள், சுருங்கிய மிளகாயிலிருந்து விதையை எடுத்த மாதிரி.

காங்கேசன்துறையிலிருந்து, நாகூருக்குப் பக்கத்தில் உள்ள நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது என்று பிறகு செய்தி வந்தது. ஓடுகிறது என்றார்கள், நின்றுவிட்டது என்றார்கள், மறுபடி ஓடுகிறது என்றார்கள். ராத்தா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு செடிக்குக் களை பிடுங்கினாள். மகனிடம் சொல்லிப் பாஸ்போட் எடுத்தாள். போட்டோவைப் பார்த்து, "இது எங்கட உம்மாவா, நானா?" என்றாள். அவளும் மகனும் நானுமாக மூவரும் போவதென்று முடிவாகியது. என் உள்ளங்கால் திரும்பவும் அரிக்கத் தொடங்கியது.

அப்போதுதான் மகளுக்குப் பிள்ளைப்பேறு நாள் அதோடு வந்து முட்டியது. எங்களில் பெண் தாய்வீட்டை விட்டு எங்கே போய்ப் பெறுவாள்? அவள் இருப்பதே தாய்வீட்டில். நான் போக முடியாது என்றேன். ராத்தா பயணத்தைத் தள்ளிவைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு பாகற்காயை நறுக்கிக்கொண்டே, "சரி, நான் போய்ட்டு வாறன்," என்றாள்.

வெளியே போகத் துடித்தவள் நான். ஊர் ஊராக நினைத்து நினைத்துப் பழசாகியவள் நான். போகிறது இவளா?

"பத்துத் தட்டுக் கப்பல் இல்ல அது," என்றேன், கொஞ்சம் காரமாக. "சின்னது. நாலஞ்சி மணித்தியாலத்தில போயிருமாம். குளமும் இல்ல."

"நல்லம். எனக்கு நீந்தத் தெரியா."

விடியுமுன் கல்முனை பஸ் நிலையத்தில் நின்றோம். யாழ்ப்பாணம் போகிற பஸ். என் மருமகன் சாமான்களை மேலே ஏற்றினான். அவன் முதல் நாளே வந்து இடதுபக்கம் யன்னலோரமாக இருக்கை எடுத்திருந்தான். எதற்கென்று நான் கேட்கவில்லை. ராத்தாவே சொன்னாள்.

"ஓட்டமாவடி வந்தா எழுப்பு எண்டு மகன்ட்டச் சொல்லியிரிக்கன். எறங்க மாட்டன். பஸ்ஸும் நிக்காதாம். கண்ணாடியத் தொறந்து ஒரு ஸலாம் சொன்னாப் போதும்."

கைப்பையைத் திறந்து சரிபார்த்தாள். பாஸ்போட், சீனிக் குளிசை, இழுப்புக்கு அடிக்கிற மருந்து, ஒரு சின்னப் பையில் வறுத்த மிளகாய். அதற்குள் அந்த ஊசிக் கார்டும் மடித்து இருந்தது.

"இத இப்ப ஆரும் கேக்கிறல்ல ராத்தா."

"கேட்டாக் காட்டுவன்."

ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமத் தொடங்கியது. கீழே நின்று ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டுமென்று தேடினேன். இரவு முழுக்கப் பிள்ளையோடு விழித்திருந்த தலையில் ஒரு சொல்லும் இல்லை. பஸ் அசைந்தபோது கண்ணாடி கிரீச்சிட்டுத் திறந்தது. அவள் தலையை வெளியே நீட்டினாள். மச்சான் அம்புலன்சில் ஏறுமுன் திரும்பிய மாதிரியே திரும்பி என்னைத் தேடினாள்.

"இஞ்ச பாரு. பைப்பில வுழு எடுக்காத. கல்லில இரிந்து எடு. தண்ணி அங்கால போகட்டும்."